ஊசி இல்லாத ஊரில் பக்கவாதம் வந்தால்

இணையக் குழுவில் ஒரு கேள்வி, ஜூலை 6

எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். போன மாதம் அப்பாவுக்குக் காலையில் வாய் கோணியது, வலது கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். டிரிப் போட்டுப் படுக்க வைத்தார்கள். மதியம்தான் "பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்க" என்றார்கள். போய்ச் சேர்ந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டதாம். ஊசியும் இல்லை, நியூராலஜிஸ்ட்டும் இல்லை, தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை எடுக்கும் வசதியும் இல்லை. அப்புறம் "ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்" என்று சுவரில் போஸ்டர் ஒட்டி என்ன பயன்? பணக்கார நாட்டு வைத்தியத்தை இங்கே ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதானே?

பதில், ஜூலை 6, இரவு 10.50

பாதி ஒத்துக்கொள்கிறேன். டிரிப் போட்டுப் படுக்க வைத்த அந்த நேரம் அநியாயம், அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. சிடி இல்லாத இடத்தில் பக்கவாத நோயாளியை அரை மணி நேரம் வைத்திருப்பதே அதிகம். ஆனால் ஊசி இல்லையென்றால் வைத்தியமே இல்லை என்று முடிக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

நான் நர்ஸ். மாவட்ட மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு, அப்புறம் கேஷுவாலிட்டி, இப்போது மறுபடியும் வார்டு. ஊசியின் கதை சுருக்கமாக: அல்டிப்ளேஸ் என்ற மருந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும். 1995இல் வந்த அமெரிக்க ஆய்வு 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்றது, 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை 4.5 மணி நேரமாக நீட்டியது, 2019இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பக்கவாதத்துக்காகவும் அதைச் சேர்த்தது. நல்ல மருந்துதான். ஆனால் மூளைக்குள் ரத்தம் கசிந்து வந்த பக்கவாதத்துக்கு அதைப் போடக் கூடாது, நேரம் தாண்டினால் போடக் கூடாது, சமீபத்தில் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால் யோசிக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அப்படித்தான். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் எங்கள் வார்டில் ஊசி வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். மற்ற எல்லோரும் அதே வார்டில்தான் படுத்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றி யாரும் போஸ்டர் அடிப்பதில்லை.

அவர்களில் பலர் எதனால் சாகிறார்கள் தெரியுமா? புரையேறி நிமோனியா வந்து. படுக்கைப் புண் சீழ் பிடித்து. யூரின் டியூப் வழியாகக் கிருமி ஏறி. காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய். இவற்றைத் தடுக்க நியூராலஜிஸ்ட் வர வேண்டாம். ஆள் வேண்டும், எழுதி வைத்த ஒழுங்கு வேண்டும்.

ஸ்ட்ரோக் யூனிட் என்றால் எல்லோருக்கும் மானிட்டரும் ஏசியும் ஞாபகம் வருகிறது. பக்கவாத நோயாளிகளை ஒரே இடத்தில் போட்டு, அதே ஆட்கள், அதே முறையில், தினமும் கூடிப் பேசிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் அதன் அடிப்படை. அப்படிச் செய்தால் சாவும் குறைகிறது, முடங்கிப் போவதும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கட்டியோ கசிவோ, வயசு எதுவோ, எல்லோருக்கும் பலன். நாலரை மணி நேரக் கணக்கும் அதற்குக் கிடையாது.

ஜூலை 7, காலை 6.15

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து நாலரை மணி நேரம் என்று ஈரோட்டுக்காரர் எழுதியதைத் திருத்த வேண்டும், யாராவது அதை நம்பிவிடப் போகிறார்கள். நாலரை மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து தொடங்குவதில்லை. கடைசியாக அந்த ஆள் நன்றாக இருந்ததை யாரோ கண்ணால் பார்த்த நேரத்திலிருந்து. இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 6 மணிக்குக் கை விழுந்து எழுந்தால், கணக்கு இரவு 10இலிருந்துதான். எம்ஆர்ஐ வைத்து இதைத் தாண்டிப் பார்க்கும் வழிகள் பெரிய இடங்களில் உண்டு, நம் மாவட்டத்துக்கு இப்போதைக்கு அது பேச்சில் இல்லை.

அதனால் நோயாளியோடு வருகிறவர்களில் ஒருவராவது நேரம் தெரிந்தவராக இருக்க வேண்டும். வேனில் எட்டுப் பேர் வருவார்கள், ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்த மருமகள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அவர் நம்பரை யாராவது போனில் தேடிக்கொண்டு இருப்பார்கள். டூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஜூலை 7, மதியம்

இன்னொன்று விட்டுப்போனது. சுகர்.

கை கால் விழுந்துவிட்டது என்று வருகிறவருக்கு முதல் காரியம் விரல் நுனியில் குத்தி சுகர் பார்ப்பது, சிடிக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கும் முன்னால். போன ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, கேஷுவாலிட்டியில் ஒரு பாட்டியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். இடது பக்கம் அசைவில்லை, பேச்சு குழறல், மகன் அழுகிறார். சுகர் 38, ரொம்பவே குறைவு. விரதம் இருந்திருக்கிறார், ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார், மாத்திரையை விட்டால் டாக்டர் திட்டுவார் என்று. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்ற ஏற்ற இடது கை விரல்கள் முதலில் அசைந்தன, அப்புறம் முழங்கை, அப்புறம் அந்தக் கையாலேயே முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "என் பை எங்கே, அதுல பூஜை சாமான் இருக்கு" என்றார். மகன் எங்கள் காலில் விழப் பார்த்தார். நாங்கள் செய்தது ஒரு ஸ்ட்ரிப், ஒரு சிரிஞ்ச்.

ஆனால் அந்த ஸ்ட்ரிப் தீர்ந்து போகும் நாட்கள் உண்டு. ஸ்டோருக்கு இண்டென்ட், அதாவது தேவைச் சீட்டு, போட்டுக் காத்திருக்க வேண்டும். வசதி குறைந்த இடம் என்று நீங்கள் எழுதும்போது நியூராலஜிஸ்ட் ஞாபகம் வருகிறது, எனக்கு இந்த ஸ்ட்ரிப் டப்பா ஞாபகம் வருகிறது.

ஜூலை 8, இரவு

தண்ணீர் விஷயம். இதைக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு நம் ஊரில் முதலில் என்ன செய்வார்கள்? தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். சோடா, காபி, ஒரு வாய் கஞ்சி, கோயில் தீர்த்தம். பாசம்தான். ஆனால் வாய் கோணியவருக்குத் தொண்டையும் ஒழுங்காக வேலை செய்யாமல் இருக்கலாம், ஊற்றியது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். சிலர் இருமக்கூட மாட்டார்கள், அது இன்னும் மோசம், சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. குடும்பம் "நல்லா இருந்தாரே, ஆஸ்பத்திரிக் காய்ச்சல் பிடிச்சிடுச்சு" என்று சொல்லும்.

வார்டில் நாங்கள் செய்வது இதுதான். ஆள் விழிப்பாக இருக்க வேண்டும், சொன்னால் புரிய வேண்டும். நேராக உட்கார வைத்து, ஒரு டீஸ்பூன் தண்ணீர். குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்போம். இருமல் வருகிறதா? "உங்க பேரு சொல்லுங்க" என்போம், குரல் ஈரமாக, தொண்டைக்குள் தண்ணீர் தேங்கியதுபோல வந்தால் நிறுத்திவிடுவோம். பிரச்சினை இல்லையென்றால் இரண்டாவது ஸ்பூன், மூன்றாவது, அப்புறம் அரை டம்ளர். தேறாவிட்டால் வாய் வழியாக ஒன்றும் கிடையாது, மாத்திரைகூட. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப், மறுநாள் மறுபடி பார்ப்போம். ஐந்து நிமிட வேலை.

இதெல்லாம் நர்ஸ் பெருமை என்று நினைப்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 ஸ்ட்ரோக் யூனிட்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2011இல் வெளிவந்தது. மூன்றே விஷயம்: காய்ச்சல், சுகர், விழுங்குதல். இவற்றை நர்ஸ்கள் எழுதி வைத்த முறைப்படி கவனித்த இடங்களில் 90 நாள் கழித்து இறந்தோ பிறரை நம்பியோ இருந்தவர்கள் 42 சதவீதம், வழக்கம்போல் நடந்த இடங்களில் 58 சதவீதம். புது மருந்து ஒன்றும் கிடையாது. தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், ஸ்பூன்.

அங்கே ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன். நைட் டூட்டியில் ஒரு வார்டு முழுக்க ஒரே சிஸ்டர் என்றால் ஐந்து நிமிடம் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி. கழுத்தில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கும்போது ஏழாம் நம்பர் பெட்டில் டிரிப் முடிந்திருக்கும், வாசலில் புது அட்மிஷன் நிற்கும். அதனால்தான் ஆள் வேண்டும் என்று முதல் நாளே எழுதினேன்.

ஜூலை 9

யாரோ குரூப்பில் வந்த செய்தியை ஒட்டியிருக்கிறார்கள்: பக்கவாதம் வந்தால் நோயாளியை நகர்த்தாமல், ஊசியால் பத்து விரல் நுனியிலும் காது மடலிலும் குத்தி ரத்தம் வரவழைத்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும், "சீன மருத்துவப் பேராசிரியர் சொன்னது". இது பல வருடமாகச் சுற்றுகிறது. எல்லா மொழியிலும் சுற்றுகிறது. தயவுசெய்து நீக்குங்கள். அதில் விஷம் ஊசி குத்துவதில்கூட இல்லை, "நகர்த்தாதீர்கள்" என்ற வரியில் இருக்கிறது.

புறா ரத்தம் தேய்ப்பது பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். புறாவுக்கு மட்டும்தான் அதில் உறுதியான விளைவு. எண்ணெய் தேய்ப்பதோடு எனக்குப் பகையில்லை, வார்டிலிருந்து போன பிறகு மெதுவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், தோலுக்கு நல்லது. முதல் நாள் வைத்தியசாலைக்குப் போய் எண்ணெய்க் கட்டுப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் எங்களிடம் வராதீர்கள், அவ்வளவுதான்.

ஜூலை 10, இரவு 11

நியூராலஜிஸ்ட் இல்லாமல் ஊசி போடவே முடியாது என்று மதுரைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். முடியும், நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள்.

இமாச்சலப் பிரதேசம். மலை, சாலை வளைந்து வளைந்து போகும், நியூராலஜிஸ்ட்கள் அப்போது சிம்லாவிலும் டாண்டாவிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில்தான். 2014இல் அந்த அரசு என்ன செய்தது என்றால், சிடி இருக்கும் மாவட்ட மருத்துவமனைகளில் உள்ள பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. சிடி படத்தை ஸ்மார்ட்போனில் நியூராலஜிஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும், போனில் பேசி முடிவெடுக்க வேண்டும், ஊசி அங்கேயே போட வேண்டும். மருந்து இலவசம். ரோபோவும் கிடையாது, பெரிய திரை வைத்த டெலிமெடிசின் அறையும் கிடையாது. அஸ்ஸாமில் தேஜ்பூரில் ஒரு மிஷன் மருத்துவமனை பொது மருத்துவர் தலைமையில் ஸ்ட்ரோக் யூனிட் நடத்துகிறது. அதே அஸ்ஸாமில் திப்ருகட் பக்கம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சிடி மெஷினையே வண்டியில் ஏற்றி கிராமத்துக்கு அனுப்பிப் பார்த்தது. வண்டி எனக்குக் கொஞ்சம் ஆடம்பரமாகப் படுகிறது, மலையும் ஆறும் உள்ள ஊரில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மருந்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, அது நர்ஸ்களுக்குத்தான் பெரிய நிம்மதி. அல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 54 மில்லிகிராம், அதில் பத்தில் ஒரு பங்கு 5.4 உடனே, மீதி 48.6 ஒரு மணி நேரம் பம்ப் வைத்து. நடுவில் பம்ப் அடித்துக்கொள்ளும், லைன் கழன்றுகொள்ளும், பி.பி. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். இப்போது டெனெக்டிப்ளேஸ் வந்திருக்கிறது, கிலோவுக்கு 0.25, எவ்வளவு எடை இருந்தாலும் 25க்கு மேல் இல்லை, அதே 60 கிலோ ஆளுக்கு 15 மில்லிகிராம், ஒரே தள்ளு, முடிந்தது. இந்தியாவிலேயே தயாராகிறது, விலையும் அல்டிப்ளேஸைவிடக் குறைவு. சிறிய ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், வண்டியில் பம்ப்பைப் பிடித்துக்கொண்டு யாரும் உட்கார வேண்டாம்.

எடை எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். படுத்தபடி எடை பார்க்கும் கட்டில் எங்களிடம் இல்லை. "எத்தனை கிலோ இருப்பாரு?" என்றால் "நல்ல உடம்புதாங்க" என்று பதில் வரும்.

ஜூலை 11

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருவர் "வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்" என்று எழுதியிருக்கிறார். நெஞ்சுவலிக்கு அது சரி. 2023இல் தமிழ்நாட்டில் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டேட்டின் கொடுத்து அனுப்புகிறார்கள், நல்ல திட்டம். பக்கவாதத்துக்கு அதே கணக்குப் போடக் கூடாது. கட்டியா கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, இருபது வருட சர்வீஸ் இருந்தாலும் முடியாது. கசிவு என்றால் ஆஸ்பிரின் எதிரி. சிடி பார்த்த பிறகுதான்.

பி.பி.யும் அப்படித்தான். மேல் அளவு 190 இருக்கிறது என்று பயந்து நாக்குக்கடியில் மாத்திரை வைத்து ஒரேயடியாக இறக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. கட்டி அடைத்த மூளைக்கு அந்த அழுத்தம்தான் கொஞ்சம் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு இருக்கிறது. ஊசி போடப் போவதில்லை என்றால் பொதுவாக 220ஐத் தாண்டும்வரை தொட மாட்டார்கள், ஊசி போடுவதென்றால் 185க்குள் கொண்டுவர வேண்டும். கசிவு என்றால் கதையே தலைகீழ், சீக்கிரம் இறக்க வேண்டும்.

இந்தக் கசிவு பற்றித்தான் எனக்கு ரொம்ப நாளாக வருத்தம். "பிளீடிங்காம், ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்று சொல்லி மூலையில் போட்டுவிடுவார்கள். 2023இல் வந்த ஆய்வைப் பாருங்கள்: 10 நாடுகள், 7,000க்கும் மேற்பட்ட கசிவு நோயாளிகள், நாடுகளில் ஒன்பது நம்மைப் போன்றவை, இந்தியாவும் இலங்கையும் பாகிஸ்தானும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் மேல் பி.பி.யை 140க்குக் கீழே கொண்டுவருவது, சுகரைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலை இறக்குவது, ரத்தம் உறையாமல் செய்யும் மாத்திரையின் வேலையை முறிப்பது. இவற்றைச் சேர்த்து ஒரே கட்டாகச் செய்த இடங்களில் ஆட்கள் தேறியது கூடுதல், செத்தது குறைவு. எல்லாம் சாதாரண வார்டில் இருக்கும் சாமான்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்காவுக்கு: ஆம், உங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளும் அதில் இருந்தன. 1990 என்ற எண்ணில் கூப்பிடும் ஆம்புலன்ஸ் வடக்குக்கு வந்த பிறகு எவ்வளவு மாறியது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எங்கள் 108 ஆம்புலன்ஸ் பற்றி நான் எழுதினால் தனி இழை ஆகிவிடும்.

ஜூலை 12, காலை

"அப்போ ஏழைக்கு ஸ்பூனும் தெர்மாமீட்டரும், பணக்காரனுக்குக் கட்டி எடுக்கும் ஆபரேஷனா? இதை அரசாங்கம் படித்தால் சந்தோஷப்படும்." கோவைத் தோழர் இப்படிக் கேட்டிருக்கிறார். ராத்திரி படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது.

சரி. அந்தப் பயம் நியாயம்தான். நான் மலிவானதைப் புகழப் புகழ, மலிவானதே போதும் என்று யாரோ கோப்பில் எழுதிக்கொள்வார்கள். பிரேசில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் கம்பி விட்டுக் கட்டியை எடுப்பது பலன் தரும் என்று 2015இல் வரிசையாக ஆய்வுகள் வந்தன, எல்லாம் வசதியான நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. நம் பொது மருத்துவத்தில் இது எடுபடுமா என்று பிரேசில்காரர்கள் தங்கள் 12 அரசு மருத்துவமனைகளிலேயே சோதித்தார்கள், 2020இல் முடிவு வந்தது: கட்டி எடுத்தவர்களில் 35 சதவீதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள், மருந்து வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 20. அந்த ஆய்வை வைத்துக்கொண்டு அரசிடம் பணம் கேட்டார்கள். அதனால் தோழரே, மாவட்டத்துக்கு ஒன்று முடியாவிட்டாலும் மண்டலத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியிலாவது இது வர வேண்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கட்டி எடுத்துவிட்டு வார்டுக்கு அனுப்புவார்கள், அங்கே சுயநினைவு தெளியாதவர் வாயில் யாராவது காபி ஊற்றினால் அத்தனை லட்சமும் போச்சு.

ஜூலை 12, மாலை

இழையைத் தொடங்கியவர் அப்பாவின் தோள்வலி பற்றிக் கேட்டிருந்தார். தம்பி, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடாது. தசை தளர்ந்த தோள் மூட்டு அந்த இழுப்பில் இறங்கிவிடும், அப்புறம் சட்டை போடுவதே நரகம். உட்கார்ந்திருக்கும்போது கைக்கு அடியில் தலையணை, படுத்திருக்கும்போதும் தலையணை. எழுப்பும்போது இடுப்பில் பெல்ட் போலத் துண்டைச் சுற்றி அதைப் பிடியுங்கள். ஃபிசியோவிடம் ஒரு தடவை நேரில் காட்டச் சொல்லுங்கள், வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள்.

சீக்கிரம் நடக்க வைக்கிறேன் என்று அடம்பிடிக்கும் உறவினர்களுக்கு இன்னொரு தகவல். முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பி நிற்க வைத்து நடக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று, 5 நாடுகளில் 2,104 பேர், 2015. பலன் குறைந்தது. முதல் நாள் அவசரம் வேண்டாம், அதற்கப்புறம் சோம்பலும் வேண்டாம்.

ஜூலை 14

குடும்பத்தார் பற்றி நாம் சொல்வதில் எனக்கே இரண்டாவது யோசனை வந்துவிட்டது.

ஃபிசியோ பற்றாக்குறை, அதனால் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று எல்லோரும் சொல்கிறோம். நம் ஊரில் ஆஸ்பத்திரி என்றாலே கூட ஒரு அட்டெண்டர் வேண்டும், பாட்டிலைப் பிடிக்க, திருப்பிப் போட, மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு ஓட. இந்தப் பாசத்தை வைத்தே புனர்வாழ்வுச் சிகிச்சையை ஓட்டிவிடலாம் என்று தோன்றுவது இயற்கை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து இதையே ஒழுங்காகச் சோதித்தார்கள். குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி, வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தல், புத்தகம். 2017இல் முடிவு. ஆறு மாதம் கழித்து இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் இந்தப் பக்கம் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம்.

படித்தபோது ஏமாற்றம்தான். அப்புறம் யோசித்தால், எந்த மருமகளிடம் இந்த வேலையைக் கொடுக்கிறோம்? காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, திரும்பி வந்து மாமனாருக்கு முப்பது முறை முழங்காலை மடக்கி நீட்டச் சொல்கிறோம். செய்யாவிட்டால் அவள் சரியில்லை. சம்பளமில்லாத ஊழியர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டுச் செலவு குறைந்தது என்கிறோம். கூட இருப்பவருக்கு எப்படித் திருப்புவது, எப்படி ஊட்டுவது என்று சொல்லித்தர வேண்டும், அது அவர்களுடைய பயத்தைக் குறைக்கிறது, தினமும் பார்க்கிறேன். ஃபிசியோவுக்குப் பதிலாக அவர்களை வைக்க முடியாது.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்தபோது பி.பி., சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே ஃபிசியோவும் வரும் என்றார்கள், அந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. வருகிற ஊரில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஜூலை 14, கொஞ்சம் கழித்து

அதே வரிசையில் இன்னொரு ஏமாற்றம்: இரண்டாவது முறை பக்கவாதம் வராமல் தடுக்க 31 மையங்களில், 12 மொழிகளில், மெசேஜ், வீடியோ, பயிற்சிப் புத்தகம் அனுப்பிப் பார்த்தார்கள். 2023. வித்தியாசமில்லை. மெசேஜ் மனுஷனை மாற்றும் என்றால் காலை வணக்கம் குரூப்களால் நாடே திருந்தியிருக்கும்.

மாத்திரையைத் தொடர்ந்து போடுவதுதான் அத்தனைக்கும் அடிப்படை. 32 நாடுகளில் செய்த ஓர் ஆய்வு, பத்துக் காரணங்கள் சேர்ந்தால் பக்கவாதத்தில் 90 சதவீதத்துக்குக் கணக்குக் காட்டிவிடலாம் என்றது, அதில் ரத்த அழுத்தம்தான் முதல் இடம். எங்கள் வார்டில் கேட்டால், "பி.பி. இருந்துச்சு, மாத்திரை போட்டேன், நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்." இதே வாக்கியம், ஆள்தான் மாறுவார்.

ஜூலை 17

தேனி நண்பர், ஊர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறார்களாம், என்ன கேட்பது என்கிறார். நியூராலஜிஸ்ட் வேண்டும் என்று எழுதாதீர்கள், "காலியிடம் நிரப்ப அரசுக்குப் பரிந்துரை" என்று ஒரு பதில் வரும், கதை முடிந்தது. பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள்.

மாவட்ட மருத்துவமனை சிடி ராத்திரி 2 மணிக்கு ஓடுகிறதா, டெக்னீஷியன் உள்ளே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? பக்கவாத நோயாளிக்கு சிடி முதலா, ஓபி சீட்டும் பணம் கட்டுவதும் முதலா? ஊசி மருந்து கேஷுவாலிட்டி ஃபிரிட்ஜில் இருக்கிறதா, ஸ்டோர் ரூமில் பூட்டி இருக்கிறதா, சாவி யாரிடம்? ராத்திரி யாருக்கு சிடி படத்தை அனுப்புவது என்று ஒரு பெயரும் நம்பரும் சுவரில் ஒட்டியிருக்கிறதா? மெடிக்கல் வார்டில் ஓரமாக நாலு கட்டிலைப் பக்கவாதத்துக்கென்று ஒதுக்கி, அந்த நாலுக்கும் ஒரு சிஸ்டர் தனியாகப் போட முடியுமா? குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் மாதம் எத்தனை வருகிறது, எத்தனை தேவைப்படுகிறது? 108 வண்டி பக்கவாதம் என்று தெரிந்தால் சிடி இல்லாத ஆஸ்பத்திரியைத் தாண்டி நேராக வருமா, இல்லை அருகில் இருக்கும் இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுமா? அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் ஒரு பிரிவு, அதனால் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நகல் யாருக்கு அனுப்புவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் இணை இயக்குநர் நலப்பணிகள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன். இரண்டும் வேறு வேறு இயக்குநரகம், ஒருவருக்கு அனுப்பினால் மற்றவரிடம் போய்ச் சேராது.

ஜூலை 17, இரவு

மறந்துவிட்டேன். மனுவில் எல்லாக் கேள்விக்கும் தனித்தனி எண் போடுங்கள். ஒரே பத்தியாக எழுதினால் ஒரே வரியில் பதில் வரும்.